நெருப்புக்கும் கணக்கு உண்டு

எரிபொருளுக்குப் பஞ்சம் வந்த நாட்டிலே அதிசய எரிபொருளைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சம் வருவதில்லை. பசித்தவன் காதுக்குச் சோற்றுப் பானையின் ஓசை எத்துணை இனிமையோ, எண்ணெய் நிலைய வரிசையிலே இரவு பகலாய் நின்றவன் காதுக்குத் தண்ணீரில் ஓடும் வண்டியின் கதையும் அத்துணை இனிமையானது. 2022ஆம் ஆண்டிலே இந்நாட்டு மக்கள் அவ்வாறு நின்றார்கள். ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கமக்காரரும், விடியுமுன் படகு தள்ளும் கடற்றொழிலாளரும் பட்ட பாட்டை அவர்தம் வீட்டு அடுப்புகள் அறியும்.

இத்தகைய மக்களிடம் ஒருவர் வந்து, “ஒரு பிடி பொடியைத் தண்ணீரில் இட்டேன், மண்ணெண்ணெயிலும் பன்மடங்கு வெப்பம் வந்தது” என்று கூறினால் நாம் செய்யவேண்டியது யாது? நகைத்து விரட்டுவதா? மாலையிட்டு மேடையேற்றுவதா? இரண்டும் பிழை என்பதே எமது கருத்து. எடுத்த எடுப்பில் நகைப்பது அறிவாகாது. அளந்து பாராமல் மாலையிடுவது அரசியலாகாது. முதலில் அளக்கவேண்டும். அளந்து முடியுமுன் பொதுமக்கள் பணத்தில் ஒரு சதமும் கொடுக்கலாகாது. இவ்வுண்மையைச் செல்வம் மிக்க நாடுகளே பெரும் விலை கொடுத்துத்தான் கற்றன. அவ்விலையை நாமும் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இரசாயனத்தின் எல்லை

இரசாயனத் தாக்கம் என்பது என்ன? அணுக்கள் பழைய கூட்டை விட்டுப் புதிய கூட்டுச் சேர்தல். அவ்வாறு சேரும்போது அணுக்களின் வெளிப்புறத்தே உள்ள இலத்திரன்களே இடம் மாறுகின்றன. அம்மாற்றத்தில் வெளிவரும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. காய்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறக்குறைய 16 மெகாயூல் வெப்பம் கிடைக்கும். மண்ணெண்ணெய் ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறக்குறைய 43 மெகாயூல் கிடைக்கும். எரிபொருள்களின் எடைக்கு எடை பார்த்தால் ஐதரசனே யாவற்றிலும் மேலானது. அதுவும் கிலோகிராமுக்கு ஏறக்குறைய 140 மெகாயூலுக்கு மேற்செல்வதில்லை. ஆதலின், காற்றில் எரிந்து மண்ணெண்ணெயைப் போலப் பத்து மடங்கு வெப்பம் தரும் பொடி என்று ஒருவர் கூறுவாராயின், இரசாயனம் அறிந்த எந்த அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

அணுவின் கருவோ முற்றிலும் வேறானது. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறு உண்டாகையில் ஏறக்குறைய 3 இலத்திரன்வோற்றுச் சக்தி வெளிப்படும். பார ஐதரசனின் இரு கருக்கள் ஒன்றாய் இணைந்தால் 30 இலட்சம் முதல் 40 இலட்சம் இலத்திரன்வோற்று வெளிப்படும். ஒன்றுக்கும் மற்றதற்கும் பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு. எனவே இரசாயனத்தின் எல்லையைத் தாண்டிய வெப்பம் கண்டேன் என்று ஒருவர் கூறும்போது மூன்று விடைகளே உள. கருவிலே மாற்றம் நிகழ்ந்திருக்கவேண்டும்; அல்லது அளவிலே பிழை இருக்கவேண்டும்; அல்லது வஞ்சகம் இருக்கவேண்டும். நான்காவது விடை இல்லை.

மக்கள் பெரிதும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு, வலு வேறு. அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை, அண்டாவில் உள்ள வெந்நீரின் வெப்பநிலையிலும் மிக அதிகம். ஆனால் பொறியைக் கொண்டு ஒரு கோப்பைத் தேநீரும் போட இயலாது. அவ்வாறே, பாறை பிளக்கும் ரி.என்.ரி. என்னும் வெடிமருந்தின் ஒரு கிலோகிராமில் உள்ள சக்தி ஏறக்குறைய 4 மெகாயூல் மட்டுமே. அது விறகிலும் குறைவு என்றால் வியப்பாயிருக்கும். வெடிமருந்து வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே சுமந்திருப்பதால், காற்றுக்குக் காத்திராமல் கண்ணிமைப்பதற்குள் யாவற்றையும் வெளிவிடுகிறது. அதன் பெருமை விரைவிலே உள்ளது, அளவிலே இல்லை. ஆகவே பெரிய சுவாலையும் பெரிய ஓசையும் பெரிய சக்திக்குச் சான்றாகா.

தண்ணீரை எரிபொருளாக்கியதாகக் கூறும் காட்சிகளின் மருமமும் இங்கேயே வெளிப்படும். கல்சியம் காபைட்டுக் கல்லின் மீது தண்ணீர் விட்டால் எரியும் வாயு எழும். பழைய காபைட்டு விளக்குகள் அவ்வாறே எரிந்தன. அங்கே எரிபொருள் தண்ணீரன்று. சுட்ட சுண்ணாம்பையும் கற்கரியையும் மின்னுலையில் 2,000 பாகை செல்சியசு அளவில் காய்ச்சிய காலத்தில் செலவிட்ட சக்தியே பின்னர் திரும்பி வருகிறது. அலுமினியத்தையும் தண்ணீரையும் கொண்டு ஐதரசன் எடுப்பதும் இத்தகையதே. ஒரு கிலோகிராம் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க 13 முதல் 15 கிலோவாற்று மணி மின்சாரம் செலவாகிறது. கொடுத்த கடன் திரும்பி வருவதைக் கண்டு புதையல் என்று கூத்தாடுவோர் பேதையர். தண்ணீர் என்பது ஐதரசன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மீண்டும் எரிக்க எவராலும் இயலாது.

யூற்றாவின் கதை

1989ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகத்திலே ஒரு பத்திரிகையாளர் மாநாடு கூடியது. மார்ட்டின் பிளைஷ்மன், ஸ்ரான்லி பொன்ஸ் என்னும் இரு இரசாயன அறிஞர்கள் அங்கே ஒரு கண்ணாடிக் கலத்தைக் காட்டினார்கள். பார நீரிலே பலேடியம் என்னும் உலோகத்தைக் கதோட்டாக வைத்து மின்னோட்டம் செலுத்தியதாகவும், செலுத்திய சக்தியிலும் மிகுதியான வெப்பம் வெளிவந்ததாகவும், எந்த இரசாயனத் தாக்கத்தாலும் அதனை விளக்க முடியாதென்றும், ஆகவே அறை வெப்பநிலையிலேயே கரு இணைவு நிகழ்கின்றதென்றும் கூறினார்கள். சூரியனின் நெருப்பைப் போத்தலில் அடைத்துவிட்டார்கள் என்று உலகப் பத்திரிகைகள் முழங்கின.

இவர்கள் சந்தையில் தைலம் விற்றவர்களல்லர். பிளைஷ்மன் இங்கிலாந்தின் றோயல் சங்கத்து உறுப்பினர். மின்னிரசாயனத்திலே பெரும் புலமை படைத்தவர். பலேடியமும் வியப்பான உலோகமே. தன் கனவளவைப் போல் ஏறக்குறைய 900 மடங்கு ஐதரசன் வாயுவை அது உறிஞ்சவல்லது. அத்துணை நெருக்கத்திலே பார ஐதரசன் கருக்கள் இணைந்தால் என்ன என்ற எண்ணம் மடமையான எண்ணமன்று.

ஆனால் கருக்கள் இணைந்தால் வெப்பம் மட்டுமா வரும்? நியூத்திரன்களும் வரவேண்டும். ஒரு வாற்று வெப்பம் அவ்வழியே வந்திருப்பின், வினாடிக்கு ஓர் இலட்சம் கோடி என்ற வரிசையிலே நியூத்திரன்கள் கலத்திலிருந்து பாய்ந்திருக்கவேண்டும். அருகில் நின்றவர் உயிர் தப்பியிருத்தல் அரிது. அறிஞர் இருவரும் நலமாயிருந்தனர். அவர்கள் நலமாயிருந்ததே அவர்தம் கொள்கைக்கு முதல் மறுப்பாயிற்று.

ஏனைய ஆய்வுகூடங்கள் விரைந்தன. சில நாள்களிலே ஜோர்ஜியாத் தொழினுட்ப நிறுவனத்தார் நியூத்திரன் கண்டதாக அறிவித்து, தமது கருவி வெப்பத்துக்கே கூச்சப்பட்டுத் தவறு காட்டியதென உணர்ந்து, அறிவிப்பை மீட்டுக்கொண்டனர். மே மாதத் தொடக்கத்தில் பால்ற்றிமோர் நகரில் அமெரிக்கப் பௌதிகச் சங்கம் கூடியபோது, கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நேதன் லூயிஸ் தம் குழு கண்ட பயன் ஒன்றுமில்லை என்று எடுத்துரைத்தார். ஜூன் மாதத்திலே இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடமும் வெறுங்கையுடன் முயற்சியை நிறுத்தியது.

தவறு நுழையும் வாயில்கள்

நேர்மையான அறிஞரின் கணக்கிலும் தவறு எவ்வழியே நுழைகிறது என்பதை நம்மவர் அறிந்துகொள்வது நன்று. அதனை அறிந்தவரை எவரும் எளிதில் ஏய்க்க முடியாது.

முதலாவது வாயில், வெளியேறும் வாயு. மின்பகுப்பின்போது கொடுக்கும் மின்சாரத்தின் ஒரு பகுதி நீரைப் பிரிப்பதிலே செலவாகி, வாயுக்களுடன் வெளியேறிவிடும். பார நீருக்கு அப்பகுதி 1.54 வோற்று எனக் கொள்வர். 5 வோற்றில் 1 அம்பியர் செலுத்தினால் மொத்தம் 5 வாற்று, அதில் 1.54 கழிய, 3.46 வாற்றே வெப்பமாகத் தோன்றவேண்டும். ஆனால் அவ்விரு வாயுக்களும் வெளியேறாமல் கலத்துக்குள்ளேயே மீண்டும் சேருமாயின் முழு 5 வாற்றும் வெப்பமாகும். வாயு சேர்ந்ததைக் கவனியாதவர் 44 வீதம் மிகை வெப்பம் கண்டேன் என்பார். எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. கழிக்கக் கூடாததைக் கழித்தார், அவ்வளவே.

இரண்டாவது வாயில், கலக்காத நீர். குளத்தில் இறங்குபவன் மேலே இளஞ்சூட்டையும் அடியிலே குளிரையும் உணர்வான். கலத்தின் நீரைக் கலக்காவிடில் வெப்பமானி வைத்த இடத்துக்கு ஏற்ப அளவு மாறும் என்பதை லூயிஸ் தம் கலத்திலேயே கண்டு காட்டினார். தமது கலத்தில் வாயுக் குமிழிகளே நீரைக் கலக்கிவிடுகின்றன என்று பொன்ஸ் விடை கூறினார். எவர் கூற்று எவ்வாறாயினும், ஒரே இடத்து வெப்பமானியை நம்பிப் புது உலகம் படைக்க முடியாது என்பது தெளிவு.

மூன்றாவது வாயில், காலம். பலேடியம் வாரக்கணக்கிலே ஐதரசனைச் சேமிக்கின்றது. அச்சேமிப்பு ஒரு நாள் திடீரென வெளிவந்தால், அன்றைக்குக் கொடுத்ததிலும் அன்றைக்கு வந்தது மிகுதியாகவே இருக்கும். மாதம் முழுவதும் முட்டியிலே சில்லறை இட்டவன், முட்டி உடைத்த நாளுக்கு மாத்திரம் கணக்கெழுதினால் திடீர்ச் செல்வனாய்த் தோன்றுவான். தம் பலேடியக் குற்றி ஒருமுறை உருகியது என்றும் அவ்வறிஞர் கூறினர். பலேடியம் உருகுவது 1,555 பாகையில். ஐதரசன் ஒட்சிசனில் எரியும் சுவாலையோ 2,000 பாகையையும் தாண்டும். உருகியது உயர்ந்த வெப்பநிலைக்குச் சான்று. கரு இணைவுக்குச் சான்றன்று.

நான்காவது வாயில், ஒப்பீடு இன்மை. பார நீரில் கண்டதைச் சாதாரண நீரிலும் செய்து, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டவேண்டும். அவர்கள் முதலில் வெளியிட்ட கட்டுரையிலே அத்தகைய ஒப்பீடு வெளியிடப்படவில்லை. பசளை இட்ட பாத்தியை மட்டும் காட்டி, இடாத பாத்தியைக் காட்டாதவனின் பேச்சை எந்தக் கமக்காரர் ஏற்பார்?

உண்மையாய் நின்ற ஓர் அதிசயம்

“அப்படியாயின், புதுமை கூறுவோரெல்லாம் பொய்யரா?” என்று வாசகர் வினவலாம். அல்லர். 1903ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் பியர் கியூரியும் அவர்தம் துணைவர் லாபோர்டும் இதைப் போன்றதொரு செய்தியை வெளியிட்டனர். ஒரு கிராம் ரேடியம், எரியாமலும் குறையாமலும், மணிக்கு ஏறக்குறைய 100 கலோரி வெப்பத்தை இடைவிடாது வெளிவிடுகின்றது என்றனர். தன் எடையிலும் மிகுதியான பனிக்கட்டியை அது ஒவ்வொரு மணியும் உருக்கும். அக்காலத்து இரசாயனத்தில் அதற்கு விளக்கமில்லை. நகைப்பதற்கு அதனினும் ஏற்ற செய்தி இருந்திருக்க முடியாது.

ஆயினும் எவரும் நகைக்கவில்லை. ஏன்? ரேடியம் கிடைத்தவர் எவராயினும் அளந்தார். அளந்தவர் யாவரும் வெப்பத்தைக் கண்டார். கனடாவின் மொன்றியல் நகரிலே ரதபோட் அதனை அளந்து, அவ்வெப்பம் அணுச் சிதைவிலிருந்து எழுகின்றது என்று பகுத்துக் காட்டினார். கதிர் வீச்சும் வெப்பமும் ஒரே கணக்கிலே பொருந்தின. அவ்வழியே சென்ற விஞ்ஞானம் பின்னர் கருவின் உள்ளத்தையே திறந்தது.

இதுவே வேறுபாடு. பாரிஸ் கூற்றும் யூற்றாக் கூற்றும் ஒரே அளவு வியப்பானவை. முன்னது யார் அளந்தாலும் நின்றது. பின்னது அளவு செம்மையாகச் செம்மையாகச் சிறுத்தது. 2015 தொடக்கம் கூகிள் நிறுவனத்தின் பொருளுதவியுடன் 30 ஆய்வாளர்கள் மீண்டும் முயன்றனர். 2019இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் அறிவித்த முடிவு: அத்தகைய விளைவுக்குச் சான்று கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னரும் கதவு மூடப்படவில்லை, பரிசோதித்தனர். அதுவே அறிவின் அறம்.

அரசியலார் செய்த பிழை

அறிஞர் தவறுவது இயல்பு. அதைத் திருத்தப் பிற அறிஞர் உளர். ஆனால் அரசு தவறினால் திருத்துவது வரி செலுத்துவோன் பை. மாநாடு நடந்து மூன்று வாரங்கள் முடியுமுன், 1989 ஏப்ரல் 7ஆம் நாள், யூற்றாச் சட்டசபை 50 இலட்சம் டொலரை ஒதுக்கியது. பல்கலைக்கழகத் தலைவர் வாஷிங்டன் சென்று மேலும் 250 இலட்சம் டொலர் கேட்டார். ஆகஸ்ட் மாதத்தில் தேசிய நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. நவம்பரில் அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் குழு, பயனுள்ள சக்தி கிடைக்குமென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என அறிக்கையிட்டு, சிறப்பு நிதி வேண்டாமென்றது. அந்நிறுவனம் 1991 ஜூன் மாதத்திலே பூட்டப்பட்டது. முதலில் பணம், பின்னர் பரிசோதனை என்று ஒழுங்கு தலைகீழானதே கேட்டுக்குக் காரணம்.

நம் அயலிலும் சான்றுகள் உள. 1996இல் தமிழ்நாட்டிலே ராமர் பிள்ளை என்பவர் மூலிகையிலிருந்து பெற்றோல் எடுப்பதாகக் கூறினார். தமிழன் கண்ட அதிசயம் என்று பலரும் தோள் தட்டினர். பெற்றோலியப் பொருள்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றார் என மத்திய புலனாய்வுத் துறை தொடுத்த வழக்கிலே, 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2012இல் பாகிஸ்தானிலே ஒரு பொறியியலாளர் தண்ணீரில் வண்டி ஓட்டுவதாகக் காட்டியபோது அமைச்சர்களும், அணுகுண்டுத் திட்டத்தால் பெயர் பெற்ற அப்துல் காதிர் கானும் அவரை ஆதரித்துப் பேசினர். பட்டமும் பதவியும் கலோரிமானி ஆகமாட்டா. இனப்பற்றும் கலோரிமானி ஆகமாட்டாது. நம்மவன் சொன்னான் என்பதற்காக ஏற்பதும், பிறன் சொன்னான் என்பதற்காகத் தள்ளுவதும் ஒரே நோயின் இரு முகங்கள்.

நம் நாடும் தூயதன்று. 2021 மே மாதத்திலே, வயல்களிற் பரவலாகப் பரீட்சித்துப் பாராமல், இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியால் தடை செய்தது. விளைச்சல் வீழ, நவம்பரிலே தடையைத் தளர்த்தியது. அளவாமல் எடுத்த முடிவின் நட்டத்தை அமைச்சர்கள் ஏற்கவில்லை, கமக்காரரே ஏற்றனர். நாளை எரிபொருளின் பெயரால் அதே பிழை நிகழலாகாது.

நாம் கேட்கவேண்டியவை

நமது பகுதி மக்கள் சக்தியின் அருமை அறியாதவரல்லர். 1990ஆம் ஆண்டு தொடக்கம் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்திலே, ஜாம் போத்தலில் சிறு திரியிட்டு விளக்கெரித்தோம். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினோம். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அங்கே எவரும் இல்லாத சக்தியைப் படைக்கவில்லை. வீணாவதைக் குறைத்தோம். வீண்செலவைக் குறைப்பதற்கும் இல்லாததைப் படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அனுபவத்தாலேயே கற்றவர்கள் நாம்.

ஆகவே அதிசய வெப்பம் கூறி வருவோரை மரியாதையுடன் வரவேற்று, நான்கு கேள்விகள் கேட்போம். உள்ளே சென்ற சக்தி முழுவதையும், பொருள்களைச் செய்யச் செலவானதையும் சேர்த்து, அளந்தீரா? தொடக்கம் முதல் முடிவு வரை, இடையில் நிறுத்தாமல், கணக்கெழுதினீரா? அதே கருவியிலே அதிசயப் பொருளின்றி ஒப்பீடு செய்தீரா? உமது கை படாமல், உமது கருவியின்றி, பிறர் தம் ஆய்வுகூடத்திலே செய்தபோதும் அதே அளவு வந்ததா? இந்நான்குக்கும் ஆம் என்பவர் யாராயினும் அவருக்கு நாமே மாலை வாங்கிக் கொடுப்போம்.

இதற்குக் கோடி ரூபா வேண்டியதில்லை. நம் உயர்தர வகுப்பு மாணவர் ஒரு பொலித்தைரீன் கிண்ணத்தையும் ஒரு வெப்பமானியையும் கொண்டே அமிலமும் காரமும் சேரும் வெப்பத்தை அளக்கின்றனர். பல்கலைக்கழகங்களிலே செம்மையான கலோரிமானிகளும், அவற்றை ஆளக் கற்றவர்களும் உளர். கூட்டுறவுச் சங்கமோ, பிரதேச சபையோ, அமைச்சோ ஓர் அதிசய எரிபொருளுக்குப் பணம் ஒதுக்குமுன், சுயாதீனமான இரு ஆய்வுகூடங்களின் எழுத்து மூலமான அளவை முன்வைக்கவேண்டும் என்று விதி செய்யட்டும். அவ்விதியை நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையிலே கோரட்டும்.

ஏழையின் நம்பிக்கை மலிவான பொருளன்று. அதனை வைத்துச் சூதாட எவருக்கும் உரிமையில்லை. அறிவுடையோர் வாய் மூடி இருப்பதும், ஆட்சியாளர் அளவாமல் அள்ளிக் கொடுப்பதும் அச்சூதாட்டத்துக்கே துணை போகும். உண்மையான நெருப்பு எத்தனை முறை அளந்தாலும் அணையாது. அளக்க அஞ்சும் நெருப்பிலே எவர் வீட்டு உலையும் கொதிக்கப்போவதில்லை.